சுவடிக் கயிற்றில் ஒரு நீல நூல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் ஓரகத்தி செண்பகவல்லி. என் சின்னவன் வயிற்றில் இருந்த சமயம், கால் வீங்கிப் படுத்திருந்தேன். எனக்காகக் கிளை நூலகத்துக்குப் போனவள், மூடிக் கிடக்கிறதென்று வெறுங்கையோடு வந்தாள். புத்தகத்துக்குப் பதிலாக இதைச் சொன்னாள்.

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை வேழமுடி என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார். அவருக்கு ஒரே மகள், இளநகை. அவள்தான் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சுவடிச்சாலை அமைத்தாள். உழுகிறவர், நெய்கிறவர், யார் வேண்டுமானாலும் சுவடியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவளே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு மலைகளுக்கு அப்பால் தூரதேசத்துக்கு மருமகளாகப் போனாள். பல்லக்கில் ஏறும்போது, "அப்பா, சுவடிச்சாலையை மட்டும் பார்த்துக்கோங்க" என்றாள். ராஜா தலையை ஆட்டினார். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் மகள் ஞாபகம் வந்துவிடும். தேரைக்கூட வேறு தெருவழியாக விடச்சொல்வார்.

மழை பொய்த்தது. கஜானா இளைத்தது. எதைக் குறைக்கலாம் என்று சபையில் பேச்சு வந்தது. பண்டகசாலை அதிகாரி திருமேனிராயர் எழுந்தார். சுவடிச்சாலை மந்திரி நன்னயரின் பொறுப்பில் இருந்தது. மந்திரியை ராஜா புகழ்ந்தால் ராயருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"மகாராஜா, சுவடிச்சாலை விளக்குக்கு எண்ணெய், ஓலையில் பூச எண்ணெய், காவலருக்கு நெல் எல்லாம் கொடுக்கிறோம். நான் போய்ப் பார்த்தேன். அடுக்குகளில் பாதி காலி. இருக்கிற சுவடிகளிலும் கயிறு பிசிறு பிசிறாகத் தொங்குகிறது. பராமரிக்கிற லட்சணம் இதுதானா?"

"என்ன நன்னயரே?"

"காலியாக இருப்பது நல்லதுதான் பிரபு. சுவடி வீடுகளில் இருக்கிறது."

"கேட்டீர்களா மகாராஜா? நாளைக்கு என் பண்டகசாலை காலியானாலும் மந்திரி நல்லது என்பார்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். "பௌர்ணமிக்குள் எல்லாச் சுவடியும் அடுக்கில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் கூடத்தை யானை அலங்காரச் சாமான் வைக்க ராயரிடம் கொடுத்துவிடுவேன்."

சேவகர்கள் வீடு வீடாகப் போய்ச் சுவடிகளை வாங்கிவந்தார்கள். அடுக்கு நிறைந்தது. மறுபடி குறைந்துவிடக் கூடாதே என்று ராயர் கதவையும் பூட்டச் சொன்னார். எண்ணெயும் மிச்சம். ராஜா மகிழ்ந்துபோய் அவருக்கு முத்துமாலை போட்டார்.

நன்னயர் மெதுவாகக் கேட்டார்: "அரண்மனைச் சமையற்கட்டையும் இதே முறையில் நடத்தட்டுமா பிரபு?"

"தாராளமாக."

மறுநாள் மதியம் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். இலை அப்படியே இருந்தது. நேரம் போயிற்று. வயிறு இரைந்தது. எழுந்து சமையற்கட்டுக்கே போய்விட்டார். பின்னாலேயே ராயரும் ஓடினார். அங்கே அடுப்பு சாம்பலில்லாமல் மெழுகிக் கிடந்தது. அண்டா, உருளி, கரண்டி எல்லாம் துலக்கி அடுக்கில் மின்னின.

"சோறு எங்கே?"

"ஒரு பாத்திரமும் அடுக்கை விட்டு இறங்கவில்லை பிரபு," என்றார் நன்னயர். "விறகும் மிச்சம். இதோ ராயரே வந்திருக்கிறார், மெச்சுவார்."

"பாத்திரம் மின்னினால் பசி போகுமா? சாப்பிட உட்கார்ந்தவனைக் கேளும் ஐயா, சமையல் எப்படி என்று."

"ஒரு வேளைதானே பிரபு. சுவடிச்சாலை வாசலில் பௌர்ணமி முதல் பசியோடு நிற்கிறார்கள். அவர்களையும் கேட்கலாமா?"

ராஜா வெளியே இறங்கினார். சாப்பிடாமலே, அத்தனை நாள் போகாத சுவடிச்சாலைத் தெருவில் நடந்தார்; நன்னயரும் ராயரும் பின்னாலேயே போனார்கள்.

பூட்டிய கதவின் முன்னால் சுண்ணாம்புக் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் மருதாயி. ராஜாவை அடையாளம் தெரியவில்லை.

"நீங்களும் சுவடிக்கா வந்தீங்க? வரிசை எனக்குப் பின்னாலதான். பாதிக் கதையில பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. படகுல போன அந்தப் பொண்ணு திரும்ப வந்தாளா இல்லையான்னு என் மாமியார் தினம் கேக்குறாங்க. படுத்த படுக்கை. நான் என்ன சொல்ல?"

"எந்தப் பெண்?" என்று ராஜா கேட்டார்.

"கடல் தாண்டிக் கட்டிக்குடுத்த பொண்ணுங்க. அப்பன் துறையிலயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

ராஜா கை காட்ட, காவலர் கதவைத் திறந்தார். மருதாயி நேராகப் போய் ஒரு சுவடியை எடுத்தாள். அதன் கயிற்றில் விரல் கொள்ளாத பருமனுக்கு நூல் நூலாக முடிந்திருந்தது.

"இதுதான் பிசிறு," என்றார் ராயர்.

"பிசிறா? படிச்சு முடிச்சவங்க தங்க துணியிலேருந்து ஒரு நூலை உருவிக் கட்டிட்டுத்தான் திருப்பிக் குடுப்பாங்க. இது இளவரசியம்மா வச்ச வழக்கம். அடியில பாருங்க, அவங்க கட்டினது."

பருத்தி நூல்களுக்கெல்லாம் அடியில் ஒரு நீலப் பட்டு நூல் இருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக்கொடுத்த புடவையின் நிறம். அதற்கு மேலே எத்தனையோ பேரின் நூல். ராஜா அதை விரலால் தொட்டுக்கொண்டே நின்றார்.

"அம்மா, மீதியைப் படி. நானும் கேட்கிறேன்."

மருதாயி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அந்தப் பெண் கடைசிவரை வரவில்லை. ஆனால் அவள் பாடிவிட்டுப் போன பாட்டைத் துறையில் ஒவ்வொருவராகப் பாடத் தொடங்கினார்கள். அப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். கதை அவ்வளவுதான்.

மருதாயி முந்தானையிலிருந்து ஒரு நூல் உருவிக் கட்டினாள். ராஜாவும் மேலாடையில் ஒன்றை உருவினார். நன்னயர் அதற்கு முடிச்சுப் போட்டுக்கொடுத்தார்.

"ராயரே, கஜானா இன்னும் இளைத்துத்தான் இருக்கிறது," என்றார் ராஜா. "யானைகள் இந்த வருஷம் அலங்காரமில்லாமல் போகட்டும். என் சயன அறை விளக்கின் எண்ணெய் இங்கே வரட்டும். இங்கே வர முடியாதவர்கள் வீட்டுக்கு நீர் சுவடி சுமந்துபோய்க் கொடும். முதலில் இந்த அம்மாவின் மாமியாரிடம் போய் முடிவைப் படித்துக் காட்டும். அந்த முத்துமாலை கழுத்தில் இருந்தால் சுமக்க இடைஞ்சல். கழற்றி நன்னயரிடம் கொடுத்துவிடும்."

செண்பகவல்லி சொன்னது இவ்வளவுதான். கேட்ட நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் படித்து முடித்த நூலகப் புத்தகம் ஏதாவது இருந்தால், அடுத்தவர் காத்திருப்பார், இந்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.