நாற்பதுக்கு மேல் சைபர்

குரு ஹெப்சிபாவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் சண்முகவேலாயுதத்துக்கு ஐம்பத்திரண்டு. சீடர் புள்ளிவிவரத் துறையில் அதிகாரி. வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அவர் அவளை மேடம் என்றார், அவள் அவரை சார் என்றாள். பணிவு இரண்டு பக்கமும் வாயோடு சரி.

கணக்கு இதுதான்: பிறக்கும்போதே முதுகுத்தண்டு சரியாக மூடாதவர்கள் இந்த ஊரில் எந்த வயதில் எத்தனை பேர்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் அரசாங்கம் சக்கர நாற்காலியும் மூத்திரக் குழாயும் ஒதுக்கும். எண் இல்லாத வயதுக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"நாற்பதுக்கு மேல் சைபர்," என்றார் சண்முகவேலாயுதம். "கையெழுத்துப் போடுங்க மேடம்."

"ஒருத்தர்கூடவா இல்லை?"

"எண்ணூறு வீடு ஏறி இறங்கியிருக்கேன். அவங்கல்லாம் அவ்வளவு நாள் இருக்க மாட்டாங்க."

"இருக்க மாட்டாங்கன்னு யார் சொன்னா?"

"சைபர் சொல்லுதே."

ஹெப்சிபா பேனாவை மூடினாள். "ஏதாவது ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மணி மூணு மேடம்!"

"அப்ப வேகமா நடங்க."

முதல் தெரு, முதல் வீடு. கதவைத் திறந்த கோமதி அவரைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள். "அன்னைக்கே சொன்னேனே சார், இங்க நோயாளி யாரும் இல்லன்னு."

சீடர் குருவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயிற்றா என்கிற பார்வை.

ஹெப்சிபா கேட்டாள்: "இந்த வீட்டுல கல்யாணம் காட்சின்னா வராதவங்க யாரும்மா?"

"எங்க மதினிதான். அவங்க எங்க வர? இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"ஏம்மா!" சீடருக்குக் குரல் ஏறிவிட்டது. "அன்னைக்கு இல்லேன்னு சொன்னீங்க?"

"நோய் இருக்கான்னுல்ல கேட்டீங்க? அவங்களுக்கு என்ன நோய்? முதுகுல கட்டியோட பிறந்தாங்க. பிறந்ததுலேருந்தே அப்படித்தான்."

உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. "ஏட்டி கோமதி, யாரு அது, என் வயசைக் கேக்கது?"

உள்ளே போனார்கள். வெளியே வரும்போது மணி நாலு. சீடர் யாரையும் பார்க்காமல் படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடினார்.

"மேடம், அந்த சைபரை ஒண்ணாக்கிடறேன். இப்பவே அனுப்பிடலாம்."

செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டே நிமிர்ந்தார். அவள் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"செருப்பு வாரை மாட்டாதீங்க சார்," என்றாள். "இங்கயும் கழட்டணும்."