முதலாளி உபயம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறைகள். ஒன்றில் பெரிய பிள்ளைகள் படித்தார்கள், இன்னொன்றில் கடலை மூட்டைகள் படித்தன. சின்னப் பிள்ளைகளான நாங்கள் வேப்பமரத்தடியில் இருந்தோம். மூட்டைகள் கடலை மில் முதலாளி சங்கரபாண்டியனுடையவை. பெற்றோர் சங்கத் தலைவரும் அவரே என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

சத்துணவு சமைக்கும் மாடத்திதான் போய்க் கேட்டாள். "மழை வருது, அறையக் காலி பண்ணிக் குடுங்கய்யா."

"ஊரே திரண்டு வந்து கேட்டாலும் கிடையாது" என்றார் முதலாளி.

"சரிங்கய்யா, யாரும் கேக்கலை" என்று வந்துவிட்டாள்.

ஆண்டு விழா வந்தது. மேடையில் முதலாளி, பக்கத்தில் கல்வி அதிகாரி. ஊரே மேளத்தோடு வந்து முதலாளிக்குச் சால்வை போர்த்தியது. எதற்கென்று தெரியாமலே அவர் கும்பிட்டுக்கொண்டிருக்க, மாடத்தி மூட்டை அறையின் வெளிச்சுவரை மூடியிருந்த துணியை இழுத்தாள். எங்கள் அப்பாமார்கள் சேர்ந்து வெள்ளையடித்த சுவர். அதில் சிவப்புப் பெயிண்டில், 'இவ்வகுப்பறை சங்கரபாண்டியன் முதலாளி உபயம்.' அதிகாரி எழுந்து கைதட்டினார்.

முதலாளி சிரித்த முகம் மாறாமல் குனிந்து, "ஏட்டி, நான் எப்பக் குடுத்தேன்?" என்றார்.

"தப்புன்னா சொல்லுங்கய்யா, சபையிலயே அழிச்சிரலாம். பெயிண்டர் இங்கனதான் நிக்காரு."

முதலாளி சுவரைப் பார்த்தார். கைதட்டும் ஊரைப் பார்த்தார்.

"எழுத்து இன்னுங் கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்றார்.

மறுநாளே மூட்டைகள் போய்விட்டன. மூலையில் சிதறிக் கிடந்த கடலையைக் கொறித்துக்கொண்டே நாங்கள் வாய்ப்பாடு படித்தோம். இன்றைக்கும் பச்சைக் கடலை வாசனை வந்தால், என் வாயில் மூணாம் வாய்ப்பாடு தானாக ஓடுகிறது.