தடுக்காமல் படித்த சிறுமி

பங்கயம் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், அஞ்சப்பனைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"உங்க பொண்ணுக்கு ஒரு வரிகூடப் படிக்க வரல. பெத்துப் போட்டா போதுமா? வீட்டுல கொஞ்சம் உக்கார வச்சுப் படிக்க வைக்க மாட்டீங்களா?"

அஞ்சப்பன் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரலுக்குக் கடற்கரையே திரும்பிப் பார்க்கும். கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் மகள் நீலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"பெரிய டீச்சர், டி.சி. குடுத்துருங்க. நாளையிலேருந்து புள்ள வராது."

பங்கயம் பின்னாலேயே ஓடி வந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. இப்போது நின்றால் நின்றதுதான். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியர் சிவக்கொழுந்து. பங்கயத்துக்கு வேலை பழக்கியவர் அவர்தான். எது குழம்பினாலும் அவரிடம்தான் ஓடுவாள். ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்," என்றாள் பங்கயம். "வீட்டுல ஒத்துழைப்பு இல்லாம நான் மட்டும் எப்படி இழுக்கிறது?"

"யாரு படிக்க வைக்கல?" அஞ்சப்பனுக்கு இப்போதுதான் ஏலக்குரல் வந்தது. "தெனமும் பொழுது சாஞ்சா முன்னாடி உக்கார வச்சுக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, காது இருக்குல்ல? எங்க நிக்குதோ அங்க விரலச் சொடுக்குவேன். ஏலத்துல வாய் நின்னா மீன் போச்சு. எம்புள்ள தடுக்காமப் படிக்கும்!"

பெரிய டீச்சர் மேசையிலிருந்த பாடப்புத்தகத்தை விரித்து நீலவேணியிடம் நீட்டினார்.

"மழை நின்றதும் தவளை குளத்துக்குள்ள குதிச்சுது," என்று மூச்சு விடாமல் சொன்னாள் நீலவேணி. கண் புத்தகத்தில் இல்லை. அப்பாவின் விரலில் இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் அஞ்சப்பன்.

"அப்படியா போட்டிருக்கு? குளத்தங்கரைக்கு வந்ததுன்னுதான..." என்று ஆரம்பித்தாள் பங்கயம்.

பெரிய டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். பானையிலிருந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு அஞ்சப்பனுக்கும் பங்கயத்துக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"ஒரு மடக்கு வாயில வச்சுக்கங்க. முழுங்கக் கூடாது. பாப்பா அடுத்த வரியப் படிச்சு முடிக்கட்டும். நீங்க விரலையும் மடக்கிக்குங்க."

இரண்டு பேரும் கன்னம் உப்ப உட்கார்ந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளை 'வாயில என்ன கொழுக்கட்டையா?' என்று கேட்பது பங்கயத்தின் வழக்கம். இப்போது அவளைப் பார்த்து அப்படிக் கேட்க அங்கே ஆள் இல்லை.

"தவளை..." என்றாள் நீலவேணி. நின்றாள்.

யாரும் சொடுக்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிள்ளை அப்பாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். இரண்டு வாயும் மூடியிருந்தன.

பங்கயத்துக்கு நாக்கு துடித்தது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வகுப்பில் என்றால் இதற்குள் அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள். அஞ்சப்பன் மடக்கிய விரலைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் நீலவேணி புத்தகத்தைப் பார்த்தாள். விரலை எழுத்தின் மேல் வைத்தாள்.

"தவளை... ஈ... ர... ஈரமான... பா... றை... பாறையில்..." மறுபடி நின்றாள். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. "உட்... கார்ந்தது. தவளை ஈரமான பாறையில் உட்கார்ந்தது!"

தலை நிமிர்ந்து சிரித்தாள். தவளையை அவளே பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

அஞ்சப்பன் தண்ணீரை விழுங்கினார். "நான் ஒண்ணுமே பண்ணலியே. எப்படிப் படிச்சா?"

அஞ்சப்பன் டி.சி. பேச்சை மறுபடி எடுக்கவில்லை. "இன்னொரு வரி படி தாயி," என்று மகளிடம் சொல்லிவிட்டு, தானாகவே இன்னொரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டார்.

பங்கயம் தண்ணீரை விழுங்கிவிட்டு வாசல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள். கூட்டத்தில் தான் கேட்ட கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டில் படிக்க வையுங்கள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். எப்படி என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"இனிமே இவரு வீட்டுக்கு என்ன பாடம் குடுத்து அனுப்பட்டும் டீச்சர்?"

"ரெண்டு டம்ளர் தண்ணி."

"ரெண்டு எதுக்கு? வீட்டுல படிக்க வைக்கிறது இவரு ஒருத்தர்தானே?"

"ஒண்ணு அவரு வீட்டுக்கு," என்றார் பெரிய டீச்சர். "இன்னொண்ணு வகுப்புல, உன் மேசை மேல இருக்கட்டும்."