நரிமுனைப் பீரங்கி சுட்ட ஒரே குண்டு

போர்க்காலத்தில் நரிமுனைக் குன்றின்மேல் ஒரு பீரங்கி இருந்தது. நான்கு வருடமாகக் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதே தவிர, ஒருமுறைகூடச் சுட்டதில்லை. அந்த ஏக்கம் அதை உள்ளுக்குள் அரித்தது.

பக்கத்தில் தூரமானி நின்றது. இரண்டு கண் வைத்த நீளக் குழாய். எதைப் பார்த்தாலும் மேல் பாதி தனியாக, கீழ்ப் பாதி தனியாகத்தான் அதற்குத் தெரியும். சக்கரத்தைத் திருகி இரண்டையும் பொருத்தினால் தூரம் கிடைக்கும். திருகுகிறவன் தொம்மை, கீழே இருந்த மீனவர் ஊர்க்காரன்.

அந்த ஊர் வள்ளங்களுக்கு ஓர் உத்தரவு இருந்தது. குன்று கண்ணில் பட்டதும் பாயை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் வந்தால் எதிரி.

ஒருநாள் காலை மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பாய் வந்தது. இறங்கவே இல்லை. அபாயச் சங்கு அலறியது. பீரங்கிக்குள் குண்டைத் திணித்து இடித்தார்கள். இடித்த குண்டைத் திரும்ப எடுக்க முடியாது, சுட்டுத்தான் வெளியேற்ற வேண்டும்.

"தூரம் எவ்வளவு? சீக்கிரம் சொல்லு," என்றது பீரங்கி.

"பொறு. மேல பாய் தெரியுது. கீழ..." தூரமானி தயங்கியது. "கீழ யாரையோ போர்த்திப் படுக்க வெச்சிருக்கு."

"அந்தக் கதையெல்லாம் எனக்கெதுக்கு? உன் வேலை தூரம் சொல்றது."

தொம்மையும் பார்த்துவிட்டான். சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, பின்னால் நின்ற அதிகாரியிடம் திரும்பினான்.

"ஐயா, அது எங்க ஊர் வள்ளம். செத்தவங்களை ஏத்திட்டு வந்தா, கரை தட்டுற வரைக்கும் பாயை இறக்க மாட்டாவ."

"நான் கேட்டது தூரம்," என்றார் அதிகாரி.

"சொல்ல மாட்டேன்யா."

போர்க்காலத்தில் அப்படிச் சொன்னவனை என்ன செய்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் சக்கரத்தைத் தொடவில்லை.

அதிகாரி அவனைத் தள்ளிவிட்டுத் தானே கண்ணை வைத்துச் சக்கரத்தைத் திருகினார். தூரமானியால் மனிதரிடம் வாய்விட்டுக் கெஞ்ச முடியாது. மறைக்காமல் காட்டத்தான் முடியும், காட்டியது. பாதிகள் பொருந்தின. பாயும், பிணமும், பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

"இன்னும் என்ன?" என்று பீரங்கி துடித்தது.

அதிகாரி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "வெறுங்கடல் பக்கம் திருப்புங்க," என்றார். குண்டு ஆளில்லாத தண்ணீரில் போய் விழுந்தது. தொம்மையைப் பற்றி அவர் மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை. அடக்கத்துக்குப் போய்வரச் சொன்னார்.

"நாலு வருஷம் காத்திருந்து தண்ணியைச் சுட்டேனே," என்று பீரங்கி பகலெல்லாம் புலம்பியது. பார்க்கவே பாவமாக இருந்தது.

சாயங்காலம் தொம்மை ஒரு பூச்சரத்தோடு குன்றேறி வந்தான்.

"வள்ளத்துல இருந்த அக்கா குடுத்துவிட்டுது," என்றான் பீரங்கியிடம். "எங்க வீட்டுக்காரருக்குப் பீரங்கி வெடிச்சு மரியாதை செஞ்சாவன்னு ஊர் பூரா சொல்லி அழுவுது."

சரத்தைப் பீரங்கிக் குழாயில் சுற்றிவிட்டு அவன் இறங்கிப் போனான்.

"யாராவது வந்து இதை எடுத்துட மாட்டாங்களா?" என்று பீரங்கி தூரமானியிடம் கேட்டது. "கனம் தாங்கலை."