ஆறாம் பக்கத்து வரி

தில்லைவாணன் நாளிதழ் வேலையை விட்டு வார இதழுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பது. ஆசிரியர் மெஹருன்னிசா அவரைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எழுத்து விஷயத்தில் தில்லைவாணன் அவரைத்தான் குருவாக நினைத்தார்.

ஒருமுறை வெள்ளப்பாறைப்பட்டி கல்குவாரியில் பாறை சரிந்து மாயழகு என்ற தொழிலாளி இறந்துபோனார். தில்லைவாணன் மூன்று நாள் அந்த ஊரிலேயே தங்கி விசாரித்தார். ஏழு பக்கத்துக்குக் களக் கட்டுரை எழுதினார். நிர்வாகம் அதைத் திருப்பி அனுப்பியது. இப்போதெல்லாம் ஏழு பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நிருபர் தன் அனுபவமாக உருக்கமாகச் சொன்னால் இரண்டு பக்கம் தரலாம் என்றார்கள். அவர் அப்படியும் ஒன்று எழுதினார்.

இரண்டையும் கொண்டுபோய் மெஹருன்னிசாவின் மேஜையில் வைத்தார்.

“இதுல எது சரியான வடிவம், மேடம்?”

மெஹருன்னிசா இரண்டையும் நிதானமாகப் படித்தார். இறந்தவரின் மனைவிக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் தில்லைவாணன்.

“அப்ப நீங்களே போய் ரெண்டையும் படிச்சுக் காட்டிட்டு வாங்க.”

இதழ் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் அவர் பஸ் ஏறினார்.

மாயழகுவின் மனைவி செங்கமலம் அவரை அடையாளம் கண்டுகொண்டு வாசலில் நாற்காலி போட்டார். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

தில்லைவாணன் முதலில் இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தார். சடலத்தை வெளியே எடுத்தபோது தன் கை நடுங்கியதையும், அறைக்குத் திரும்பிச் சாப்பிட முடியாமல் போனதையும் அதில் எழுதியிருந்தார். படித்து முடித்ததும் செங்கமலம் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“மனசத் தேத்திக்கங்க சார். என்ன பண்றது.”

தில்லைவாணன் தண்ணீரைக் குடிக்காமல் நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

அடுத்து ஏழு பக்கக் கட்டுரை. மலை ஏலத்துக்குப் போன கதை, உரிமம் கைமாறிய விவரம், அதிகாரிகளின் பதில்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. செங்கமலம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அசையாமல் கேட்டார். ஆறாம் பக்கத்தில், கூட வேலை பார்த்தவர் சொன்ன ஒரு வரி வந்தது. பாறையில் விரிசல் விழுந்திருக்கிறது என்று சரிவுக்கு இரண்டு நாள் முன்பே மாயழகு மேஸ்திரியிடம் சொன்னாராம். பயமாக இருந்தால் வேலையை விட்டு நின்றுகொள் என்றாராம் மேஸ்திரி.

“அத இன்னொரு தடவ படிங்க.”

படித்தார். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார்.

“வீட்ல ஒரு வார்த்த சொல்லல சார். சொல்லியிருந்தா அன்னிக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன்.”

அதற்குப் பிறகு ஏழாம் பக்கத்தைத் தில்லைவாணன் படிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் மெஹருன்னிசாவிடம் சொன்னார். இரண்டு பக்கக் கட்டுரையில் இடம் போதவில்லை என்று அந்த வரியைத் தானே வெட்டியதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார்:

“அப்ப பழைய வடிவம்தான் சரி, இல்லையா மேடம்?”

“அந்த வரி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை மணி நேரம் இருக்கும்.”

மெஹருன்னிசா ஏழு தாள்களையும் அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

“அவங்க செத்தவரோட பொண்டாட்டி. அதனால அந்த வரி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. வாசகர் காத்திருப்பாரா?”