தொட்டி நிமிர்ந்தது, காக்கை வீங்கியது

ஆலங்கிணற்றில் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். மற்றபடி அந்த ஊருக்கு ஒரு குறையும் கிடையாது.

பெண்கள் மூன்று கிலோமீட்டர் குடம் சுமந்து சலித்த பிறகு, ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. நாலு உயரமான கால், உச்சியில் தொட்டி. ஆபீசருக்குப் படம் எடுத்து அனுப்பினால்தான் தண்ணீர் திறக்க உத்தரவு. ஸ்டூடியோ ஞானதிரவியம் காலடியில் நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து, உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கையோடு சேர்த்து எடுத்து அனுப்பினார்.

மறுநாளே ஆபீசர் போனில் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, தொட்டி மல்லாக்கச் சாயுது? நேராக்கி அனுப்பும். அப்புறம்தான் தண்ணி."

ஞானதிரவியம் போனை வைத்தார். ஊர்த் தண்ணீரே தன் கையில் அல்லவா நிற்கிறது! பம்ப் ஆபரேட்டர் மாசானத்தோடு ஓடிப்போய்த் கொத்தனாரின் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். தொட்டி விறைப்பாக, நேராக நின்றது.

"அண்ணாச்சி, போட்டோ எடுக்கையில மட்டும் சாயுது போல," என்றான் மாசானம்.

"கூச்சமாடே?"

"புதுசுல்லா! பழகினா சரியாயிரும்."

பழகவிட நேரமில்லை. டவுனில் கம்ப்யூட்டர் படித்த மச்சானிடம் போனில் வழி கேட்டார். "படத்தோட மேல் மூலை ரெண்டையும் பிடிச்சு வெளிய இழுங்க அத்தான்," என்றான் அவன்.

ஞானதிரவியம் ஒரு மூலை, மாசானம் ஒரு மூலை. தம் பிடித்து இழுத்ததில் மானிட்டரின் சட்டம் கையோடு வந்துவிட்டது.

"இழுத்தாச்சு மாப்ளே. இன்னும் சாஞ்சுதான் கிடக்கு."

"மவுஸால இழுங்க அத்தான்!"

மவுஸால் இழுத்தார்கள். நாலு காலும் நிமிர்ந்தன. உச்சி அகன்றது. உச்சியோடு காக்கையும் அகன்று, மூன்று வேளை கறிச்சோறு தின்ற மாதிரி ஆகிவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவி செண்பகவல்லி வந்து படத்தைப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுப் பெரிய காக்கா உக்காந்தா தொட்டி தாங்குமான்னு கேப்பாகளே?"

நியாயமான கேள்வி. மாசானம் தொட்டி மேல் ஏறி, காக்கையை விரட்டிவிட்டு, இறங்கி ஓடிவந்து படத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நான் வாறதுக்குள்ள திரும்பி வந்து உக்காந்துட்டு!"

மூன்று முறை விரட்டினான். மூன்று முறையும் காக்கைதான் முந்திக்கொண்டது. வேறு வழியின்றி அப்படியே அனுப்பினார்கள்.

"நாளைக்கு நேர்ல வாறேன்," என்றார் ஆபீசர். "படத்துல இருக்கது பூரா அங்க இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஞானதிரவியம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அம்மாம் பெரிய காக்காய்க்கு எங்க போவேன்?"

செண்பகவல்லி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டு வான்கோழி சும்மாத்தானே நிக்கி?"

விளக்கெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசி, வான்கோழியை உச்சியில் கட்டினார்கள்.

ஆபீசர் வந்தார். படத்தைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். கால் நாலு, சரி. தொட்டி ஒன்று, சரி. காக்கை ஒன்று, அளவும் சரி. பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து உச்சியிலிருந்து, "களகளகளகள!"

பேனா நின்றது.

ஆபீசர் கூர்ந்து கேட்டார். முகம் சுருங்கியது. பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டு, தலைவியைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தண்ணியத் திறந்துவிடுங்கம்மா. ஆனா ஒரு வாரத்துக்குக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. காக்காய்க்குத் தொண்டை கட்டியிருக்கு."