மழைக்கு வைத்த நாற்று

“உள்ளே வைத்தால் துவள்கிறது. வெளியே வைத்தால் கருகுகிறது. இந்த நாற்றை நான் எங்கேதான் வைப்பது தாயே?”

கேட்டவர் வீரபாகு. கோட்டைக் களஞ்சியத்துக்குக் காவல் நின்றே தலை நரைத்தவர். வேலை ஓய்ந்த பின் மலைமேல் இருந்த மடத்துக்கு வந்து, தம்மைவிட வயதில் இளையவரான செங்கமல அம்மையிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

அம்மை கருகிய இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வெந்த கீரைபோல் சுருண்டிருந்தது.

அந்த வருஷம் ஆறு கரையை உடைத்து, அடிவாரத்து ஊரின் நாற்றங்கால்களை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு பானையில் கிடந்த கத்தரி விதைதான் மிச்சம். பேச்சாயி என்பவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறி வந்தாள்.

“எங்க ஊர்ல கால் வைக்கக் காஞ்ச தரை இல்ல சாமி. இத முளைக்க வச்சுக் குடுங்க. தண்ணி வடிஞ்சதும் வந்து வாங்கிக்கறோம்.”

அம்மை விதையை வாங்கி வீரபாகுவிடம் கொடுத்தார்.

அவர் மண்தொட்டிகளில் விதைத்து, கூடத்தில் அடுப்புக்கு அருகே வைத்தார். எலி வராமல், குளிர் படாமல், கதவைச் சாத்திக் காத்தார். காவல் அவருக்குப் புதிதா?

நாற்றுகள் மளமளவென்று உயர்ந்தன. மடத்துக்கு வருபவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

ஒருநாள் அம்மை வந்தார். குனிந்து, வாயால் மெல்ல ஊதினார்.

முன்வரிசை முழுக்கச் சாய்ந்தது.

வீரபாகு பதறிப்போனார். வெயில் பட்டால் தேறும் என்று மறுநாளே ஒரு தொட்டியை நடுவெயிலில் கொண்டுபோய் வைத்தார். பொழுது சாய்வதற்குள் அது கருகிவிட்டது.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

அம்மை எழுந்தார். மிச்சமிருந்த தொட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், புங்க மரத்து நிழலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாற்றுகள் காற்றில் நடுங்கின. கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

“அவ்வளவுதானா?”

“இன்றைக்கு அவ்வளவுதான்.”

மறுநாள் சற்றுக் கூடுதல் நேரம். பிறகு காலை இளவெயில். பிறகு மலைக்காற்று. வீரபாகு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். நாற்று வளர்வதையே நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

“உயரவே காணோமே தாயே!”

“தண்டைத் தொட்டுப் பாரும்.”

தொட்டுப் பார்த்தார். நூலாய் இருந்தது நாராகியிருந்தது.

தண்ணீர் வடிந்துவிட்டது, நாற்றுக்கு வருகிறோம் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். வருகிற அன்று காலையில், மேற்கே வானம் கறுத்தது.

வீரபாகு ஓடினார். வெளியே இருந்த தொட்டிகளில் ஒன்றை வாரித் தூக்கிக்கொண்டு வந்தால், வாசல் நிலையில் அம்மை நின்றிருந்தார்.

“வழி விடுங்கள் தாயே! மழை வருகிறது.”

“இவை போகிற இடத்தில் கூரை உண்டா?”

“ஒரு ஊரின் சோறு இது!”

“அதனால்தான் கேட்கிறேன்.”

வீரபாகு கையிலிருந்த தொட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்த் தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். மேல்துண்டை விரித்து மூடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

மழை கொட்டியது.

அவரும் அங்கேயே உட்கார்ந்து நனைந்தார். கண்ணெதிரே நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து மண்ணோடு படுத்தன. களஞ்சியத்தில் ஒரு மணி நெல்லைக் கெடவிடாத மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மழை விட்டது. வெயில் வந்தது.

அம்மை வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டார். அவரும் எழுந்து மண்டியிட்டார்.

ஓரத்தில் கிடந்த ஒரு நாற்றின் இலையிலிருந்து துளி ஒன்று சொட்டியது. இலை அசைந்தது. காற்றே இல்லை.

இன்னொரு துளி.

தண்டு மண்ணைவிட்டு மயிரிழை அளவு எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்தத் தொட்டி முழுக்க. அடுத்த தொட்டியிலும்.

வீரபாகுவின் கைகள் தாமாகக் குவிந்தன.

“தாயே, இவற்றுக்கு எழுந்திருக்க யார் சொல்லிக் கொடுத்தது?”

“தெரியாது.”

அம்மையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தார். அம்மையின் கண்கள் நிறைந்திருந்தன.

கூடையோடு மேலேறி வந்த பேச்சாயி, சேற்றில் மண்டியிட்டிருந்த இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“என்ன சாமி ஆச்சு? எல்லாம் போச்சா?”

வீரபாகு விரலை உதட்டில் வைத்தார்.

“மெல்லப் பேசம்மா. எழுந்துகொண்டிருக்கின்றன.”